கடலரிப்பில் கரையும் தொல்லியல் இடங்கள்: உண்மையில் தொலைவது எது?

ஒவ்வொரு பெரிய புயலுக்குப் பிறகும் உலகின் ஏதாவது ஒரு கடற்கரையிலிருந்து இப்படி ஒரு செய்தி வந்துவிடுகிறது: “கடல் அரித்ததில் பழங்காலச் சுவர் வெளிப்பட்டது.” கூடவே ஒரு படம் இருக்கும். மணல் விலகிய இடத்தில் ஒரு கல்வரிசை, சுற்றி நின்று பார்க்கும் கூட்டம். படிக்கிறவருக்கு இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்றே பிடிபடுவதில்லை. ஒருவர் அரிய கண்டுபிடிப்பு என்கிறார், இன்னொருவர் பேரிழப்பு என்கிறார்.

இரண்டும் உண்மை. சுவரை வெளிக்காட்டிய அதே அலைதான் இன்னும் சில நாட்களில் அதைக் கொண்டுபோகப் போகிறது. வெளிப்பட்டதற்கும் காணாமல் போவதற்கும் நடுவே கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த இடத்தின் வரலாறு மிஞ்சுகிறது. இதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## கடல்கோள் வேறு, கடலரிப்பு வேறு

“கடல் கொண்டது” என்று தமிழில் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதற்குள் இரண்டு தனித்தனி நிகழ்வுகள் இருக்கின்றன.

கடல்கோள் என்றால் நிலம் நீருக்குள் போவது. கடல் மட்டம் உயர்ந்தாலும் நடக்கும், நிலம் தாழ்ந்தாலும் நடக்கும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பிறகு பனி உருக உருக நீர் ஏறிப் பரந்த நிலங்களை மூடியது. இப்படி மூழ்கிய இடங்கள் சில நேரம் ஆச்சரியப்படும் அளவுக்கு முழுசாக இருக்கும். கிரேக்கத்தில் பாவ்லோபெட்ரி என்ற வெண்கலக் கால ஊர் சில மீட்டர் ஆழத்தில்தான் கிடக்கிறது. தெருக்கள், வீட்டு அடித்தளங்கள், கல்லறைகள் எல்லாம் ஒரு வரைபடம் போல இன்னும் தெரிகின்றன.

கடலரிப்பு அப்படியில்லை. கரையை அலை அடியில் குடைகிறது, மேலே நிற்கும் மண் சரிகிறது, சரிந்ததை நீர் கலைத்து இழுத்துப் போகிறது. மண் ஒரு பக்கம் போகும், கல் ஒரு பக்கம் உருளும், எலும்பும் மரமும் எங்கோ போய்ச் சேரும். மூழ்கிய ஊரை என்றைக்காவது முக்குளித்துத் தேடலாம். அரித்துப் போன ஊரைத் தேடிப் போக ஓர் இடமே இருக்காது.

இரண்டும் ஒரே இடத்தில் நடப்பதும் உண்டு. பூம்புகார், வானகிரி கரையில் அலை ஏறி இறங்கும் பகுதியிலேயே சுட்ட மண் வளையங்களை (உறைகளை) அடுக்கிக் கட்டிய உறைகிணறுகள் வெளிப்பட்டிருக்கின்றன. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். குடிதண்ணீருக்குக் கிணறு வெட்டுகிறவர் அலை அடிக்கும் இடத்தில் வெட்டமாட்டார். ஆகவே அந்தக் கிணறு வெட்டப்பட்டபோது கடல் இன்னும் தூரத்தில் இருந்தது. சுற்றியிருந்த வீடுகளும் தோட்டமும் மண்ணும் போய், ஆழத்தில் இறங்கியிருந்த உறைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. புகாரைக் கடல் ஒரே நாளில் விழுங்கியது என்ற பழைய செய்தி நம் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆனால் இந்தக் கிணறுகள் காட்டுவது நெடுங்காலமாக, கொஞ்சம் கொஞ்சமாக நடந்த ஒரு வேலையை.

## கரை ஏன் பின்வாங்குகிறது?

கடற்கரை மணலுக்கும் ஒரு வரவு செலவு உண்டு. ஆறுகளும் பாறைச் சரிவுகளும் மணலைக் கொண்டுவருகின்றன, அலையும் நீரோட்டமும் எடுத்துப் போகின்றன. வரவு குறைந்தாலோ செலவு கூடினாலோ கரை பின்வாங்கும். முக்கியக் காரணங்கள் இவை:

1. ஆற்று மணல் வராமல் போவது. அணை கட்டினால் வண்டல் அதன் பின்னாலேயே தங்கிவிடும். 1970இல் முடிந்த அஸ்வான் உயர் அணைக்குப் பிறகு நைல் கழிமுகத்துக்கு வண்டல் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. அங்கே கடலுக்குள் நீண்டிருந்த ரொசெட்டா முனை வேகமாகத் தேய்ந்தது. ஆற்றில் மணல் அள்ளுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

2. கரையோரமாக நகரும் மணல் மறிக்கப்படுவது. அலைகள் கரையில் சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையை ஒட்டியே ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுக் கணக்குப் பார்த்தால் இந்த நகர்வு தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. குறுக்கே ஒரு துறைமுகச் சுவர் நின்றால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் பட்டினி. சென்னைத் துறைமுகம் இதற்குப் பாடநூல் உதாரணம்: தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. எங்கோ கட்டிய ஒரு சுவர் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பழைய கோயிலை ஆட்டும் என்பதை நம்ப முதலில் சிரமமாக இருக்கும். மணல் போகும் திசை தெரிந்தால் புரிந்துவிடும்.

3. கடல் மட்டம் உயர்வது. 1901 முதல் 2018 வரை உலகச் சராசரியாகச் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம் 2006–2018 காலத்தில் 3.7 மில்லிமீட்டராகியிருக்கிறது. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் முன்பு கரைமேட்டின் அடியைத் தொடாத அலை இப்போது தொடுகிறது, அதுதான் வித்தியாசம்.

4. புயல். மேலே சொன்னவை எல்லாம் மெதுவாகக் கரையைத் தளர்த்தி வைக்கும். பத்து ஆண்டுகளில் போக வேண்டியது ஒரே இரவில் போவது புயலில்தான்.

5. இயற்கைக் காப்பு விலகுவது. மணல்மேட்டுச் செடிகள், சதுப்புநிலக் காடுகள், வடதுருவப் பகுதியில் கடல் பனி. இவை இருக்கும்வரை அலையின் வேகம் கரைக்கு வருவதற்குள் அடங்கிவிடும்.

## பழைய இடங்கள் கரையில் குவிந்திருப்பது ஏன்?

மீன், சிப்பி, உப்பு, படகுப் போக்குவரத்து, வணிகம் என்று மனிதர்கள் எப்போதும் கரையை நாடியே வாழ்ந்தார்கள். இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. பனியுகத்துக்குப் பிந்தைய பெரிய ஏற்றம் அடங்கி, கடல் மட்டம் ஏறக்குறைய இன்றைய நிலைக்கு வந்து 6,000–7,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்குப் பிறகு கரையில் வாழ்ந்தவர்களின் தடயங்கள் பெரும்பாலும் இன்றைய கரையை ஒட்டியே, அதாவது அரிப்பின் வாய்க்கு நேராக, இருக்கின்றன.

கரை நிலத்துக்குப் பொருட்களைக் காக்கும் குணமும் உண்டு. சிப்பி மேடுகளில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் எலும்பு மக்காது. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் மரமும் கயிறும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். உள்நாட்டு அகழாய்வில் கல்லும் பானை ஓடும் மட்டும் மிஞ்சுகிற நிலையில், கரையில் ஒரு கயிறே கிடைத்துவிடுகிறது.

## சரி, தொலைவது எது?

பெரும்பாலான செய்திகள் தவறவிடும் இடம் இதுதான். ‘பொருட்கள் போய்விட்டன’ என்று எழுதுகிறார்கள். பொருள் போவது இழப்புதான், ஆனால் அதைவிடப் பெரியது மண்ணடுக்கு போவது.

ஓர் ஊர் ஓரிடத்தில் தொடர்ந்து இருந்தால் தரைக்கு மேல் தரை ஏறிக்கொண்டே போகும். அடுப்புச் சாம்பல், மிதிபட்ட களிமண் தரை, இடிந்த சுவரின் தூள், வெள்ளம் விட்டுப் போன வண்டல், அதன்மேல் அடுத்த தலைமுறையின் தரை. கரைமேடு செங்குத்தாகச் சரிந்த இடத்தில் நின்று பார்த்தால் இந்தப் பட்டைகள் கண்ணுக்கே தெரியும். கையகலக் கருப்புப் பட்டை ஒன்று, அதன்கீழ் விரல் தடிமனில் மஞ்சள் மணல், அதற்கும் கீழே சிப்பி ஓடுகள் நெருக்கமாக. அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. எந்த நாணயம் எந்தச் சாம்பலோடு கிடந்தது, எந்தப் பானை எந்தத் தரையில் உடைந்தது என்பதை வைத்துத்தான் காலத்தைச் சொல்கிறார்கள். அந்தச் சாம்பலில் கிடைக்கும் ஒரு கரித்துண்டை, அதன் வயதை அறியும் கார்பன் கணிப்புக்கு அனுப்புகிறார்கள்.

அலை இந்த வரிசையைக் கலைத்த பிறகு அதே நாணயம் மணலில் கிடைத்தால் அது ஓர் அழகான பழைய நாணயம், அவ்வளவுதான். யாருடைய வீட்டில் இருந்தது, எப்போது கைவிடப்பட்டது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. கரையில் பொறுக்கிய பொருட்களால் ஓர் அருங்காட்சியகத்தையே நிரப்பினாலும் அந்த ஊரின் வரலாற்றை எழுத முடியாமல் போவது இதனால்தான்.

சில இடங்களில் எடுத்து வைக்கக்கூடிய ‘பொருள்’ என்று ஒன்றுமே இருப்பதில்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையில் ஹேஸ்பரோ என்ற ஊர் இருக்கிறது. 2013 மே மாதம் அங்கே நீர் வற்றியிருந்த நேரத்தில் பழைய ஆற்று வண்டல் படுகையில் சில குழிவுகள் தெரிந்தன. ஆய்வாளர்கள் குழிவுகளில் தேங்கிய மழைநீரையும் கடல்நீரையும் ஒற்றி எடுத்துவிட்டு, பல கோணங்களில் படம் பிடித்து முப்பரிமாண வடிவம் செய்தார்கள். அவை காலடித் தடங்கள். சுமார் 50 தடங்கள், பெரியவர்களும் சிறுவர்களும் நடந்தவை, வயது எட்டரை லட்சம் முதல் ஒன்பதரை லட்சம் ஆண்டுகள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுவரை கிடைத்த மனிதத் தடங்களில் மிகப் பழையவை. இரண்டே வாரத்தில் கடல் அவற்றை முழுதாகத் துடைத்துவிட்டது. இன்று நம்மிடம் இருப்பது அந்தப் படங்கள் மட்டுமே. அன்றைக்கு ஆள் போகாமல் இருந்திருந்தால் அப்படியொரு குடும்பம் அந்த ஆற்றங்கரையில் நடந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

## எவ்வளவு பெரிய பிரச்சினை?

சில ஆய்வுகள் அளவைக் காட்டுகின்றன. 2018இல் வந்த ஓர் ஆய்வு மத்தியதரைக் கடலோரத் தாழ்நிலங்களில் உள்ள 49 உலகப் பாரம்பரியச் சின்னங்களை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 42 இப்போதே அரிப்பின் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. ஆப்பிரிக்கக் கரையின் 284 பாரம்பரிய இடங்களை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வின்படி, நூறாண்டுக்கு ஒருமுறை வரும் கடல் சீற்றத்துக்கு இன்று 56 இடங்கள் உள்ளாகும். 2050க்குள் இது மூன்று மடங்குக்கும் மேலாகும். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் கடல் ஒரு மீட்டர் உயர்ந்தால் 13,000க்கும் மேற்பட்ட தொல்லியல் இடங்கள் மூழ்கும் என்று 2017இல் ஒரு கணக்கு வந்தது.

இவை பதிவேட்டில் இருக்கிற இடங்களின் கணக்கு. பதிவாகாதவை எந்தக் கணக்கிலும் வராது.

## சுவர் கட்டினால் போதாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் உள்ள ஸ்காரா பிரே இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது.

சுமார் 5,000 ஆண்டுப் பழமையான புதிய கற்கால ஊர் அது. எகிப்தின் பெரிய பிரமிடைவிட மூத்தது. வீடுகளுக்குள் கல்லால் செய்த படுக்கைகள், நடுவில் அடுப்பு, வாசலுக்கு நேர் எதிரே கல்லால் அடுக்கிய அலமாரி எல்லாம் இன்றும் அப்படியே நிற்கின்றன. 1850இல் ஒரு புயல் மணல்மேட்டின் புல்லைப் பிய்த்தெறிந்தபோதுதான் அது வெளியே தெரிந்தது. 1920களின் நடுவில் வந்த இன்னொரு புயல் வீடுகளில் ஒரு பகுதியைக் கொண்டுபோனது. அப்புறம்தான் கடல்சுவர் எழுந்தது, 1928 முதல் தொல்லியலாளர் கார்டன் சைல்டு தலைமையில் முறையான அகழாய்வு நடந்தது. கடல் காட்டிக்கொடுத்த ஊர், கடலே எடுக்கத் தொடங்கிய ஊர், இரண்டும் ஒன்றேதான்.

சுவர் இல்லையென்றால் அந்த வீடுகள் இன்று இல்லை, அதில் சந்தேகமில்லை. ஆனால் சுவரில் மோதிய அலை அதன் இரு முனைகளிலும் சுற்றிக்கொண்டு பக்கத்து மண்ணை அரிக்கிறது. சுவரின் அடியிலும் குடைகிறது. விரிகுடா மெல்ல உள்வாங்க, ஊர் ஒரு முனைபோலத் துருத்திக்கொண்டு நிற்கத் தொடங்குகிறது. லேசர் கருவியால் அந்தக் கரையைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சுவர் கட்டியதோடு வேலை முடிவதில்லை.

நம் கரையில் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக் கருங்கல் தடுப்பு அலையிலிருந்து காக்கிறது. உப்புக் காற்றை அந்தத் தடுப்பால் நிறுத்த முடியவில்லை. கல்லின் நுண்ணிய துளைகளுக்குள் போகும் உப்பு காய்ந்து படிகமாகி, உள்ளிருந்தே பரப்பை உதிர்க்கிறது. சிற்பங்களின் முகம் மழுங்கியிருப்பது இதனால்தான். காகிதக் கூழைப் பூசி உப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை அங்கே செய்யப்படுகிறது. தரங்கம்பாடியில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதிகள் கடலுக்குள் போன பிறகுதான் கல் கொட்டப்பட்டது. தடுப்பு எப்போது வருகிறது என்பதும் முக்கியம்.

## இருக்கிற வழிகள்

1. கடினத் தடுப்பு. சுவர், கருங்கல் குவியல், தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு). ஒரே இடத்தில் குவிந்திருக்கும், ஈடே இல்லாத சின்னங்களுக்குப் பொருந்தும். மறுபக்கத்துக் கரைக்கு என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்காமல் தூண்டில் வளைவு போடுவது ஆபத்தை அடுத்த ஊருக்கு அனுப்புவதாகத்தான் முடியும்.

2. மென்மையான காப்பு. மணல் கொண்டுவந்து நிரப்புவது, மணல்மேட்டில் செடி வளர்ப்பது, சதுப்புக் காட்டை மீட்பது. தான்சானியாவின் கில்வா கிசிவானி இடிபாடுகள் 2004இல் ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, காப்புப் பணிகளுக்குப் பிறகு 2014இல் வெளியே வந்தன. பலன் மெதுவாகத்தான் கிடைக்கும்.

3. இடம் மாற்றுவது. அமெரிக்காவின் கேப் ஹாட்டராஸ் கலங்கரை விளக்கத்தை 1999இல் சுமார் 880 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். கலங்கரை விளக்கத்தை நகர்த்தலாம், மண்ணடுக்கை நகர்த்த முடியாது.

4. அகழ்ந்து பதிவு செய்வது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

5. போக விடுவது. கண்காணித்துக்கொண்டே, ஆவணப்படுத்திக்கொண்டே, கடலிடம் விடுவது. கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் பெரும்பாலான இடங்களுக்கு நடக்கப் போவது இதுதான். அறிவித்துவிட்டுச் செய்கிறோமா, கவனிக்காமல் விட்டுவிட்டு நடக்கிறதா என்பது மட்டுமே வேறுபாடு.

நான்காவது வழிக்கு வருவோம். 1998இல் நார்ஃபோக் கரையிலேயே ஹோம் என்ற இடத்தில், அரித்த சேற்றிலிருந்து ஒரு மரவட்டம் எழுந்து வந்தது. 55 ஓக் மரக் கம்பங்கள், நடுவே வேரோடு பெயர்த்துத் தலைகீழாக நட்ட ஒரு பெரிய ஓக் அடிமரம். அதன் வேர்கள் வானத்தைப் பார்த்து விரிந்திருந்தன. அதை எடுக்கலாமா கூடாதா என்று பெரிய தகராறு. புனித இடத்தைப் பிடுங்காதே என்று ஒரு கூட்டம் நின்றது. மரமோ காற்றுப் பட்டுக் காய்கிறது, துளைக்கும் உயிரிகள் தின்னத் தொடங்கிவிட்டன. 1999இல் எடுத்தார்கள். எடுத்ததால் தெரிந்தவை இவை: மரங்கள் கி.மு. 2049இல் வெட்டப்பட்டவை, ஆண்டு வளையங்களை எண்ணி வசந்த காலமோ கோடைத் தொடக்கமோ என்பது வரை சொல்ல முடிந்தது. வெட்டுத் தழும்புகளை ஒப்பிட்டதில் ஏறக்குறைய ஐம்பது வெவ்வேறு வெண்கலக் கோடரிகள் வேலை செய்திருக்கின்றன. அடிமரத்தை இழுத்து வரக் கட்டிய கொடிக்கயிறுகூட அதில் சிக்கியபடியே இருந்தது. ஊரே கூடிச் செய்த வேலை அது. எதிர்ப்பாளர்களின் வருத்தம் நியாயமானதுதான். ஆனாலும் எடுத்தது சரியென்றே சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் மற்ற வழியில் அந்தக் கயிறு நமக்குக் கிடைத்திருக்காது.

எல்லா இடத்திலும் இப்படிச் செய்யப் பணமும் ஆளும் கிடையாது. ஆகவே எதை முதலில் எடுப்பது என்று வரிசைப்படுத்த வேண்டும். அழகான கட்டடத்துக்கும் புகழ்பெற்ற பெயருக்கும் முன்னுரிமை போவது வழக்கமாக இருக்கிறது. அதைவிட மூன்று கேள்விகள் உதவும்: இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும்? இதே தகவல் வேறெங்காவது கிடைக்குமா? மண்ணடுக்கு இன்னும் கலையாமல் இருக்கிறதா? இந்தக் கணக்கில் ஒரு கோட்டைச் சுவரைவிட, பார்க்க ஒன்றுமில்லாத ஒரு சிப்பி மேடு முன்னால் வந்து நிற்கலாம்.

கடல் கொண்டுபோய்விட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவதும் தவறு. வர்ஜீனியாவில் 1607இல் எழுந்த ஜேம்ஸ்டவுன் கோட்டையை ஆறு அரித்துத் தின்றுவிட்டதாக நெடுங்காலம் நம்பினார்கள். 1994இல் தொடங்கிய அகழாய்வில் பெரும்பகுதி நிலத்திலேயே இருப்பது தெரியவந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு தோண்டிய தொல்லியல் துறைக்கு முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம் கிடைத்தது.

## முதலில் பார்ப்பவர் யார்?

கரைமேடு சரியும் நாளில் அங்கே தொல்லியலாளர் இருப்பது அபூர்வம். மீனவர், நாயோடு நடக்க வந்தவர், விளையாடும் பிள்ளைகள்தான் இருப்பார்கள். அலாஸ்காவின் குவின்ஹகாக் ஊரில் யூப்பிக் பழங்குடி மக்கள் கரையில் மரப் பொருட்கள் ஒதுங்குவதைக் கவனித்துத் தாங்களே ஆய்வாளர்களை அழைத்தார்கள். 2009இல் நுனல்லெக் என்ற அந்த இடத்தில் அகழாய்வு தொடங்கியது. ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் உறைமண் உருகி, கடல் பனி குறைந்து, கரை வேகமாகச் சரிந்துகொண்டிருந்த இடம் அது. முகமூடிகள், பொம்மைகள், புல்லில் பின்னிய கூடைகள் என்று எடுத்தவை வெளியூர் போய்த் தங்கிவிடாமல், 2018 முதல் அந்த ஊரிலேயே இருக்கும் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஸ்காட்லாந்தில் தன்னார்வலர்கள் கைபேசிச் செயலியோடு கரையோர இடங்களுக்கு நேரில் போய், பட்டியலில் இருப்பது இன்னும் இருக்கிறதா என்று சரிபார்த்துப் பதிவு செய்தார்கள்.

ஆகவே புயலுக்குப் பிறகு கரையில் ஏதாவது தெரிந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. பொருளைப் பிடுங்காதீர்கள். அது செருகியிருக்கும் மண்ணோடு சேர்ந்துதான் அதற்கு மதிப்பு.
2. பக்கத்தில் ஒரு பேனாவோ செருப்போ வைத்து, அளவு தெரியும்படி கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள்.
3. எட்ட நின்று, மண்பட்டைகளும் பின்னால் ஒரு மரமோ கட்டடமோ தெரியும்படி இன்னொன்று எடுங்கள். இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க இதுதான் உதவும்.
4. கைபேசியில் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்கோ உள்ளூர் அதிகாரிக்கோ அன்றைக்கே சொல்லுங்கள்.
5. துல்லியமான இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். ஆய்வாளருக்கு முன்னால் தோண்டிப் பார்க்கிறவர்கள் வந்துவிடுவார்கள்.
6. அடுத்த வாரம் அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் மறுபடியும் ஒரு படம் எடுங்கள். கரை எத்தனை அடி உள்ளே வந்திருக்கிறது என்பது அந்த இரண்டு படங்களுக்கு நடுவே தெரியும்.